மயக்கத்தின் ஆழமே எல்லை: கிளினிக் அறுவை அரங்குகளின் வருங்காலம்

உடலிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் சிகிச்சை பற்றி அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரே காலத்தில் இரண்டு கணக்கெடுப்புகள் நடந்தன. அழகியல் பிளாஸ்டிக் சர்ஜன்களிடம் எடுத்த கணக்கு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1994க்கும் 1998க்கும் இடையே அவர்கள் செய்த 4,96,245 சிகிச்சைகளில் 95 பேர் இறந்திருந்தார்கள். அதாவது ஐயாயிரம் பேருக்கு ஒருவர். தோல் மருத்துவர்களிடம் எடுத்த கணக்கு 2002இல் வந்தது. 66,570 சிகிச்சைகள், ஒரு சாவுகூட இல்லை. முதல் கணக்கின் விகிதத்தை இதற்குப் பொருத்தினால் பன்னிரண்டு பேராவது இறந்திருக்க வேண்டும்.

இரண்டுமே மருத்துவர்கள் தாமாக முன்வந்து சொன்ன பதில்களைக் கொண்டு போட்ட கணக்குகள். நோயாளிகளும் ஒரே மாதிரியானவர்கள் என்று சொல்ல முடியாது. அப்படியிருந்தும் இடைவெளி பெரிது. கிளினிக்கில் செய்ததால் ஆபத்து கூடியது என்று இதற்கு விளக்கம் சொல்லவும் வழியில்லை. தோல் மருத்துவர்கள்தாம் பெரும்பாலும் தம் சொந்தக் கிளினிக்குகளில் இதைச் செய்தவர்கள். அவர்கள் கையாண்டது ஜெஃப்ரி கிளைன் என்ற தோல் மருத்துவர் 1987இல் எழுதி வெளியிட்ட முறை. லிடோகெய்ன் மரப்பு மருந்தையும் அட்ரினலினையும் உப்புநீரில் மிகவும் நீர்க்கக் கலந்து, தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு விம்மும் அளவுக்குச் செலுத்துவார்கள். ரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வதால் ரத்தச் சேதம் குறைகிறது. மருந்து மெல்ல மெல்லவே உடலில் சேர்கிறது. நோயாளி விழித்தபடியே இருப்பார். வலித்தால் சொல்வார், மூச்சு முட்டினால் சொல்வார்.

அறுவை சிகிச்சை எந்தக் கட்டடத்தில் நடக்கிறது என்பதைவிட, நோயாளி எவ்வளவு ஆழமான மயக்கத்தில் இருக்கிறார், அந்த ஆழத்திலிருந்து அவரை மீட்க யார் அருகில் இருக்கிறார் என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. கிளினிக் அறுவை அரங்குகளின் வருங்காலத்தைப் பற்றிப் பேச இதுவே சரியான தொடக்கம்.

மூன்றாவது இடம்

அமெரிக்காவில் இன்று நடக்கும் அறுவை சிகிச்சைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு நோயாளி இரவு தங்குவதில்லை. அவை நடப்பது மூன்று வகை இடங்களில். மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு ஒன்று. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் சான்று பெற்றுத் தனித்து இயங்கும் பகல்நேர அறுவை மையங்கள் இரண்டாவது. இவை 6,000க்கு மேல் உள்ளன. மூன்றாவது, மருத்துவர் தினமும் நோயாளிகளைப் பார்க்கும் அதே கிளினிக்கில் ஒதுக்கிய ஓர் அறை. முதல் இரண்டுக்கும் உரிமம், ஆய்வு, பதிவேடு எல்லாம் உண்டு. மூன்றாவதற்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. அத்தகைய அறைகள் நாடு முழுவதும் எத்தனை, அவற்றில் ஆண்டுக்கு எத்தனை அறுவைகள் என்று சொல்லும் தேசியப் பதிவேடு எதுவும் கிடையாது.

இந்த அறைக்கு நீண்ட முன்கதை இருக்கிறது. 1909இல் பெல்ஃபாஸ்டில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் ஜேம்ஸ் நிக்கோல் ஒரு கணக்கை முன்வைத்தார். கிளாஸ்கோ குழந்தைகள் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் பத்தாண்டுகளில் 8,988 அறுவைகள். பிளவுபட்ட உதடு, குடலிறக்கம், வளைந்த பாதம் என்று பலவும் அதில் இருந்தன. குழந்தைகளைப் படுக்கையில் சேர்க்காமல் அன்றே தாயோடு வீட்டுக்கு அனுப்பினார். வார்டில் அழுது புரளும் குழந்தையைவிடத் தாய்மடியில் இருக்கும் குழந்தை அமைதியாகக் குணமாகும் என்பது அவர் வாதம். அனுப்பிவிட்டுக் கைகழுவவில்லை, செவிலியர் வீடு தேடிப் போய்ப் பார்த்துவர ஏற்பாடு இருந்தது.

அடுத்து வந்தவர்கள் மயக்க மருத்துவர்கள். அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் ரால்ஃப் வாட்டர்ஸ் 1916இல் கடைவீதி நடுவே ஒரு மயக்க மருந்துக் கிளினிக் திறந்தார். பல் மருத்துவர்களும் சர்ஜன்களும் தங்கள் நோயாளிகளை அங்கே அழைத்து வருவார்கள். மயக்கம் கொடுப்பதும் தெளிவிப்பதும் வாட்டர்ஸின் பொறுப்பு. அரை நூற்றாண்டு கழித்து, 1970 பிப்ரவரியில், அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் வாலஸ் ரீட், ஜான் ஃபோர்ட் இருவரும் ‘சர்ஜிசென்டர்’ என்ற தனி மையத்தைத் தொடங்கினார்கள். இன்றைய பகல்நேர அறுவை மையங்களுக்கெல்லாம் முன்னோடி அதுதான். அவர்கள் இருவரும்கூட மயக்க மருத்துவர்களே. மருத்துவமனைக்கு வெளியே அறுவையைக் கொண்டுவந்த முன்னோடிகளில் பலர் கத்தி பிடித்தவர்கள் அல்லர், மூச்சைக் கவனித்தவர்கள். பின்னாளில் கிளினிக் அறைகளில் நேர்ந்த பல விபத்துகளில் இல்லாமல் போனது அந்தக் கவனிப்புதான்.

மருந்தும் கருவியும் திறந்த கதவு

மருந்து மாறாமல் இடம் மாறியிருக்காது. ஈதரும் பழைய மயக்க வாயுக்களும் தெளிய நேரம் எடுக்கும். தெளிந்த பிறகும் குமட்டல். 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புரோபஃபால் என்ற மயக்க மருந்து இந்தக் கணக்கை மாற்றிவிட்டது. ஏறிய சில நொடிகளில் தூக்கம், நிறுத்திய சில நிமிடங்களில் விழிப்பு. கருவிகளும் சிறுத்தன. சார்லஸ் கெல்மன் 1967இல் ஒலி அதிர்வால் கண்புரையைக் கரைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தபின் கண்ணில் போடும் கீறல் சில மில்லிமீட்டராகக் குறைந்தது. தொடையிலிருந்து சிரையை உருவி எடுத்த வெரிகோஸ் சிகிச்சை, லேசர் இழையும் ரேடியோ அலை வடிகுழாயும் வந்தபின் மரப்பு ஊசியோடு முடிந்துபோகிறது.

கை அறுவையில் நிகழ்ந்த மாற்றம் இவற்றைவிட ஆழமானது. விரலில் அட்ரினலின் கலந்த ஊசி போட்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் அழுகிவிடும் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்தினார்கள். அதனால் கையில் பட்டை கட்டி ரத்தத்தை நிறுத்த வேண்டும். பட்டை வலிக்கும் என்பதால் மயக்கம் வேண்டும். மயக்கம் என்றால் பெரிய தியேட்டர் வேண்டும். கனடாவின் டொனால்ட் லாலாண்டும் அவருடைய கூட்டாளிகளும் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைச் சோதித்தார்கள். 2005இல் வெளியான அவர்களது ஆய்வில் விரலிலும் கையிலும் தொடர்ச்சியாக 3,110 பேருக்கு அட்ரினலின் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு விரலும் அழுகவில்லை. பட்டை தேவையில்லை என்றானதும் மயக்கமும் தேவையில்லை. நோயாளி விழித்திருக்கிறார்; தைத்த தசைநாண் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, மேசை மேலேயே விரலை மடக்கி நீட்டச் சொல்லலாம். மணிக்கட்டு நரம்பு அழுத்தத்துக்கான அறுவையைச் சிறிய அறையில் செய்வதைவிடப் பெரிய தியேட்டரில் செய்ய ஏறக்குறைய நான்கு மடங்கு செலவாகிறது என்று அதே நாட்டின் 2007 ஆய்வு ஒன்று காட்டியது.

கண்புரையிலும் இதே போக்கு. கொலராடோவில் கைசர் பெர்மனென்டே நிறுவனம் 2011 முதல் 2014 வரை 21,501 கண்களுக்குச் சிறு சிகிச்சை அறைகளில் அறுவை செய்து, 2016இல் முடிவுகளை வெளியிட்டது. சொட்டு மருந்தும் கண்ணுக்குள் சிறிது லிடோகெய்னுமே மரப்புக்குப் போதுமாக இருந்தன. பார்வைத் தெளிவு வழக்கமான தியேட்டர் முடிவுகளுக்கு இணையாக இருந்தது. கண்ணின் உட்புறத் தொற்று ஒருவருக்கும் வரவில்லை.

இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. அறை சுருங்குவதற்கு முன் மயக்கம் சுருங்கியது.

மயக்கம் ஆழமானபோது

மயக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு அறையை மட்டும் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபுளோரிடா பாடம். அங்கே கிளினிக்குகளில் அடுத்தடுத்து நேர்ந்த சாவுகளால், 2000 ஆகஸ்டில் மாநில மருத்துவ வாரியம் முழு மயக்கத்துடன் செய்யும் கிளினிக் அறுவைகளை 90 நாள்களுக்கு நிறுத்தி வைத்தது. விபத்துகளை அரசுக்குத் தெரிவிப்பதும் கட்டாயமானது. அந்தப் பதிவுகளை வைத்து 2003இல் ஓர் ஆய்வு வந்தது. 2000 ஏப்ரலிலிருந்து இரண்டு ஆண்டுகளில், லட்சம் அறுவைகளுக்குக் கிளினிக்குகளில் 9.2 சாவு, பகல்நேர மையங்களில் 0.78. பத்து மடங்குக்கும் மேல்.

செய்தித்தாள்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. மறு ஆண்டே தோல் மருத்துவர்கள் அதே தரவை மீண்டும் கணக்கிட்டு, கிளினிக்குகளில்தான் சாவு விகிதம் குறைவு என்று நேர்மாறான முடிவை வெளியிட்டார்கள். இப்படி முரண்பட இடம் கொடுத்தது கணக்கின் அடி எண். எத்தனை பேர் இறந்தார்கள் என்பது தெரியும். மொத்தம் எத்தனை பேருக்குக் கிளினிக்கில் அறுவை நடந்தது என்பது ஊகம். முதல் ஆய்வு அதை 1,41,404 என்று கொண்டது. அந்த எண்ணைக் கூட்டினால் ஆபத்து குறையும், குறைத்தால் கூடும். கிளினிக் அறுவை பாதுகாப்பானதா என்ற விவாதம் ஆண்டுக்கணக்கில் சுற்றிச் சுற்றி வந்ததற்குக் காரணம் மருத்துவ நுணுக்கம் அல்ல, எண்ணப்படாத நோயாளிகள்.

எண்ணிய இடத்தில் என்ன தெரிந்தது என்றும் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் சர்ஜரி மையங்களுக்குத் தரச்சான்று வழங்கும் அமைப்பு ஒன்று, தன் உறுப்பினர்கள் இணையவழிப் பதிவேட்டில் விவரம் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 2008இல் வெளிவந்த பகுப்பாய்வில் 11,41,418 சிகிச்சைகளுக்கு 23 சாவுகள். அவற்றில் 13க்குக் காரணம் காலில் உறைந்த ரத்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தது. அந்த 13 பேரில் 12 பேருக்கு நடந்தது வயிற்றுத் தோலை இழுத்துத் தைக்கும் அறுவை. மேசையின் மேல் நேர்ந்த சிக்கலால் இறந்தவர் ஒருவரே. ஆக, அறுவை அரங்கைப் பளபளப்பாக்கினால் மட்டும் போதாது. வீட்டுக்குப் போன நோயாளியின் கெண்டைக்கால் வீங்குகிறதா என்று நாலாவது நாளும் பத்தாவது நாளும் விசாரிக்க ஒருவர் வேண்டும். நூற்றாண்டுக்கு முன் நிக்கோல் அனுப்பிவைத்த செவிலியர் செய்தது அந்த வேலைதான்.

மீட்பவர் யார்?

அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கம் மயக்கத்தை நான்கு படிகளாகப் பிரிக்கிறது. லேசான தணிப்பில் நோயாளி கேட்டதற்குப் பதில் சொல்வார். நடுத்தரத்தில் தொட்டாலோ கூப்பிட்டாலோ அசைவார். ஆழ்ந்த மயக்கத்தில் வலி கொடுத்தால்தான் அசைவார், மூச்சு தடுமாறக்கூடும். நான்காவது, முழு மயக்கம். இந்தப் படிகளுக்கு நடுவே சுவர் கிடையாது. நடுத்தரத்தில் நிறுத்த நினைத்தவர் அடுத்த படிக்கு நழுவலாம். எனவே சங்கம் வகுத்த நெறி இது: மயக்கம் கொடுப்பவர், தான் எண்ணிய படிக்கு ஒரு படி ஆழத்தில் நோயாளி விழுந்தாலும் மீட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

புரோபஃபாலில் இது கூடுதலாக உறைக்கும். ஓபியாய்டு கூடினால் நலோக்சோன் உண்டு, டயசிபம் வகை கூடினால் ஃப்ளூமசெனில் உண்டு. புரோபஃபாலுக்கு மாற்று மருந்து கிடையாது. மருந்து வடியும்வரை தாடையைத் தூக்கிப் பிடித்து, முகமூடி வைத்துப் பையை அழுத்தி, நோயாளிக்குப் பதிலாக மூச்சுவிட ஒருவர் வேண்டும். அறுத்துக்கொண்டிருக்கும் கை அதைச் செய்ய முடியாது.

அறையில் இருக்க வேண்டியவை இங்கிருந்தே கிளைக்கின்றன. ஆக்சிஜன், உறிஞ்சு கருவி, டீஃபிப்ரிலேட்டர் ஆகியவற்றோடு மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃபும் வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி, மூச்சு நின்று சற்று நேரம் கழித்தே குறையும். கேப்னோகிராஃப் உடனே காட்டிவிடும். சில மயக்க வாயுக்களைப் பயன்படுத்தினால், உடல் வெப்பம் திடீரென எகிறும் அரிய நிலைக்கு டான்ட்ரோலீன் கையிருப்பில் இருக்க வேண்டும். கட்டடத்தின் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுத்தவாக்கில் நுழையுமா, எந்த மருத்துவமனை அழைத்தவுடன் ஏற்கும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கலிஃபோர்னியா 1994இல் இயற்றிய சட்டம் இதைப் புரிந்துகொண்டது. உயிர்காக்கும் அனிச்சைச் செயல்கள் அடங்கிப்போகக்கூடிய அளவுக்கு மயக்க மருந்து கொடுக்கும் இடம் எதுவானாலும் தரச்சான்று பெற வேண்டும் என்றது. கட்டடத்தின் பெயரையோ பரப்பையோ அது பார்க்கவில்லை. நியூயார்க் 2007இல் சட்டம் இயற்றி, 2009 முதல் சான்றைக் கட்டாயமாக்கியது. விபத்துகளைத் தெரிவிக்கவும் வேண்டும். ஃபுளோரிடா கிளினிக் அறுவைகளை மயக்கத்தின் ஆழத்தை ஒட்டி மூன்று நிலைகளாக்கி, எடுக்கக்கூடிய கொழுப்புக்கும் 4,000 மில்லிலிட்டர் என உச்சவரம்பு வைத்தது.

விதியை எழுதியதோடு வேலை முடியவில்லை. பிட்டத்தில் கொழுப்பைச் செலுத்திப் பெரிதாக்கும் அறுவையில் ஊசி தசைக்குள் போனால், பெரிய சிரைகள் கிழிந்து கொழுப்பு நுரையீரலுக்குப் பாயும். தெற்கு ஃபுளோரிடாவில் மட்டும் 2010க்கும் 2022க்கும் இடையே இப்படி 25 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குறைந்த கட்டணத்தில் நாளெல்லாம் அறுவை செய்யும் கிளினிக்குகளில். 2022இல் வாரியம் அவசர விதி கொண்டுவந்தது: ஒரு சர்ஜன் நாளொன்றுக்கு மூன்றுக்கு மேல் செய்யக் கூடாது, ஊசிமுனை எங்கே இருக்கிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்த்தே செலுத்த வேண்டும். சர்ஜனின் களைப்புக்கு அரசு வரம்பு கட்டும் நிலை வந்ததென்றால், அதன் வேர் பணத்தில் இருக்கிறது.

காசு இழுக்கும் பக்கம்

ஒரே சிகிச்சைக்கு மெடிகேர் இடத்துக்கு ஒரு விலை கொடுக்கிறது. மருத்துவமனையிலும் பகல்நேர மையத்திலும் மருத்துவருக்குத் தனிக் கட்டணம், இடத்துக்குத் தனிக் கட்டணம். மருத்துவமனைக்கு அது கூடுதல். கிளினிக்கில் இடத்துக்கெனத் தனித்தொகை கிடையாது. கருவி, செவிலியர், வாடகை எல்லாவற்றையும் சேர்த்து மருத்துவரின் கட்டணத்தையே உயர்த்தித் தருவார்கள். பல சிகிச்சைகளில் மொத்தச் செலவு குறைவது கிளினிக்கில்தான். கண்புரைக்கு இப்படி ஒரு கிளினிக் கட்டணம் வைக்கலாமா என்று 2015இல் மெடிகேர் பொதுக்கருத்துக் கேட்டதும் அதனால்தான்.

ஆனால் கட்டணம் ஒரு பக்கம் தூக்கினால் சிகிச்சையும் அந்தப் பக்கம் ஓடும். 2008இல் கால் ரத்தக் குழாய் அடைப்புகளைக் கிளினிக்கில் நீக்குவதற்கான கட்டணம் மாற்றியமைக்கப்பட்டது. அதன்பின் ரத்தக் குழாய்க் கிளினிக்குகள் பெருகின. குழாய்க்குள் படிந்ததைச் சுரண்டி எடுக்கும் சிகிச்சை வேகமாகக் கூடியது. நடந்தால் கால் வலிக்கும் தொடக்க நிலையினருக்கு முதலில் நடைப்பயிற்சியும் மருந்தும்தான் என்பது நெறிமுறை. அவர்களில் சிலருக்கும் தேவையில்லாமல் குழாய் நுழைந்தது. 2023இல் நியூயார்க் டைம்ஸ் இதன் விளைவாகக் காலை இழந்தவர்களைப் பற்றி விரிவாக எழுதியது. மருத்துவமனையில் சக மருத்துவர்கள் கேட்டிருக்கக்கூடிய ‘இது அவசியமா?’ என்ற கேள்வியைக் கேட்க, சொந்தக் கிளினிக்கில் யாரும் இல்லை.

நம் பக்கத்து நிலவரம்

இந்தியாவில் காசு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. மருத்துவக் காப்பீடு கிடைக்கப் பொதுவாக 24 மணி நேரம் படுக்கையில் சேர வேண்டும். டே-கேர் சிகிச்சைகளுக்கு விலக்கு உண்டென்றாலும், அவை மருத்துவமனையிலோ முழு அறுவை அரங்கு கொண்ட டே-கேர் மையத்திலோ நடந்திருக்க வேண்டும். வழக்கமாகப் புறநோயாளியாகவே செய்துகொள்ளும் சிகிச்சை இந்த வரையறைக்குள் வராது. மரப்பு ஊசியோடு கிளினிக்கிலேயே முடியக்கூடிய வேலையைக்கூட இந்த வரையறை பெரிய கட்டடத்துக்குத் தள்ளுகிறது. காப்பீட்டோடு தொடர்பே இல்லாத அழகு சிகிச்சையோ கேள்வி கேட்பாரின்றிச் சிறு அறைகளில் வளர்கிறது. 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குப் பின் ஓர் இளைஞர் இறந்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களே இதைச் செய்யலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தமிழ்நாட்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டம் 1997இல் வந்தது. அதற்கான விதிகள் வர 2018 ஆயிற்று.

எண்ணுவதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல சான்றும் இங்கேயே இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைகள் 2017இல் 6 லட்சத்துக்கு மேற்பட்ட கண்புரை அறுவைகளின் பதிவுகளை வெளியிட்டன. அறுவை முடிவில் கண்ணுக்குள் மாக்சிஃப்ளாக்சசின் செலுத்தத் தொடங்கியபின் உட்புறத் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியிருந்தது. பத்தாயிரத்துக்கு ஏழு, இரண்டாகும் மாற்றத்தை எந்தத் தனி மருத்துவரின் அனுபவமும் உணராது. ஒரு கண்ணையும் விடாமல் எழுதிவைத்த பதிவேடு மட்டுமே அதைக் காட்டும். சின்னஞ்சிறு அறைகளில் சிதறிக் கிடக்கும் அறுவைகளுக்கு இன்று இல்லாதது அதுதான்.

எதை அனுமதிக்கலாம்

அறுவை சிகிச்சை மருத்துவமனையை விட்டு வெளியேறுவதைத் தடுக்க முடியாது. தடுக்க வேண்டியதும் இல்லை. முழங்கால் மாற்று அறுவையையே 2020 முதல் பகல்நேர மையங்களில் செய்ய மெடிகேர் பணம் தருகிறது. விழித்திருக்கும் நோயாளிக்கு மரப்பு ஊசியோடு கையையும் கண்ணையும் தோலையும் கிளினிக்கில் சரிசெய்வது மலிவு, வசதி. கிடைத்திருக்கும் சான்றுகளின்படி பாதுகாப்பும்கூட. இதற்குப் பெரிய தியேட்டரின் சடங்குகளைக் கட்டாயமாக்குவது வீண்செலவு. காப்பீட்டு விதிகளும் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

ஆழ்ந்த மயக்கம் தொடங்கும் இடத்தில் சலுகை முடிய வேண்டும். அங்கே மூச்சை மட்டும் கவனிக்கும் தனி ஆள், தரச்சான்று, ஏற்கும் மருத்துவமனையோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் அறையைப் பூட்ட வேண்டும். எல்லா நிலைகளுக்கும் பொதுவாக இன்னொரு கடமை: செய்த ஒவ்வோர் அறுவையையும், முப்பது நாள் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்பதையும் பொதுப் பதிவேட்டில் ஏற்றுவது. விபத்தை மட்டும் தெரிவிக்கச் சொன்ன ஃபுளோரிடா, அடி எண் இல்லாமல் எவ்வளவு காலம் வாதாடியது என்று பார்த்தோம். பதிவேட்டுக்குச் செலவாகும் என்பார்கள். கிளினிக்கில் செய்வதால் மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கு அதற்குப் போதும். அதைக்கூடத் தர மனமில்லாத அறை, எவ்வளவு நவீனமாக இருந்தாலும், அறுவை அரங்கு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளத் தகுதி பெற்றதல்ல.